பிலோமினாவின் பொருத்தனையும் என் இடது முட்டியும்

ஜூன் 10, செவ்வாய்
காலையிலேயே வெயில். அரியலூர் போய் ஸ்கேன் படத்தை டாக்டரிடம் காட்டியாயிற்று. இடது முட்டி. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பாதம் ஊன்றி, உடம்பு மட்டும் திரும்பியது. அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

டாக்டர்: "ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்கு சார். வயசுல தேஞ்சிருக்கு. தேஞ்ச எடத்துல கிழிஞ்சிருச்சு."

ஐம்பத்தாறு வயது. ஆறு வாரம் பயிற்சி. கேட்கவில்லை என்றால் ஆபரேஷன். கூடாதவை: சம்மணம், குந்துவது, முட்டிபோடுவது. வாங்க வேண்டியவை: ஐஸ் பை, முட்டி உறை, ஹாலுக்கு பல்பு.

ஜூன் 14, சனி
புழுக்கம். தொடையை இறுக்கும் பயிற்சி, பத்து பத்தாக மூன்று முறை. மனைவி பிலோமினா (இனி பி.) எண்ணுகிறாள். ஏழுக்குப் பிறகு ஒன்பது. கணக்கு வாத்தியார் பெண்டாட்டி.

சாப்பிடும்போது சொன்னாள்: "ஏலாக்குறிச்சி மாதாகிட்ட பொருத்தனை வச்சிருக்கேங்க. கத்தி வைக்காம ஒங்க முட்டி சரியாச்சுன்னா, வாசல்லேருந்து பீடம் வரைக்கும் நான் முட்டியாலயே வரேன்னு."

"ஒன் முட்டி?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு."

தரையிலிருந்து எழுந்தாள். முதலில் கட்டிலைப் பிடித்து, பிறகு சுவரை. நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

ஜூலை 12, சனி
மழை வருவது போல் வந்து போயிற்று. வலி இல்லை. உண்மையாகவே இல்லை. பி. கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஹாலில் எட்டுச் சுற்று நடந்தேன். கேட் சத்தம் கேட்டதும் நொண்டத் தொடங்கினேன்.

என் முட்டி ஆறினால் அவள் முட்டி போகும். ஆறியதைச் சொல்லாமலிருப்பதுதான் வழி. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 17, வியாழன்
பங்குச் சாமியாரிடம் பேசினேன். "பொருத்தனைய வேற ஒண்ணா மாத்திக்கலாம் சார். ஆனா வச்சவங்களே வந்து கேக்கணும்." அவள் கேட்க மாட்டாள். நொண்டல் தொடர்கிறது. நேற்று கால் மாற்றி நொண்டிவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு
பூசை. நான் பெஞ்சில். எல்லோரும் முட்டிபோடும் நடுப்பூசை மணி அடித்தது. ஐந்து வயதிலிருந்து அந்த மணிக்கு விழுந்து பழகிய முட்டி, என்னைக் கேட்கவில்லை. விழுந்தது. எதையும் பிடிக்காமல் எழுந்தும் விட்டேன்.

பெண்கள் பக்கம் பார்த்தேன். பி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

வெளியே வந்து சொன்னது ஒன்றுதான்: "அடுத்த ஞாயிறு போயிட்டு வந்துரலாங்க."

ஜூலை 27, ஞாயிறு
ஏலாக்குறிச்சி. நல்ல கூட்டம். வாசலில் வைத்து, சாமியார் சொன்னதைச் சொன்னேன்.

"நான் ஒங்க முட்டியத்தான கேட்டேன். மாதா வேற எதையாவது மாத்திக் குடுத்தாங்களா?"

அவள் முட்டியால் போக, நான் பக்கத்திலேயே நடந்தேன். பாதியில் ஒரு தடவை நின்றாள். கை நீட்டினேன், தட்டிவிட்டாள். பீடம் வரை போய்ச் சேர்ந்தாள். அங்கே எழ முடியவில்லை. இரண்டு பெண்கள் தூக்கினார்கள். வலது முட்டி. எனக்குக் கோபம், யார்மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 28, திங்கள்
தூறல். அரியலூர். அதே ஸ்கேன் சென்டர். பி. உள்ளே. என் முட்டி உறையைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன்.

இவளுக்கு மட்டும் சரியாகட்டும், நான் வாசலிலிருந்து முட்டியாலேயே... என்று பாதி நினைத்துவிட்டேன். பாதிப் பொருத்தனை கணக்கில் சேருமா, சாமியாரைக் கேட்க வேண்டும்.