பெரிய டிரம்மின் வார்

காலையில் உன் ட்ரம்பெட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஈரப் பித்தளை வாசனை ஏறியதும் கை நின்றுவிட்டது. ரத்தமும் இப்படித்தான் நாறும். கட்டை விழுந்த ஒடுக்கு அப்படியே இருக்கிறது. பாபநாசம் பட்டறைக்காரர் எடுத்துத் தருகிறேன் என்றார். நான் கொடுக்கவில்லை.

உனக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைமேல் கிறுக்கு. போனில் கேட்டுக் கேட்டே ப்ளூஸ் ஊதப் பழகினாய். "அமெரிக்காவுல ஒரு ஊர்ல நம்மளாட்டமே சாவுக்கு பேண்டு வாசிக்கிறாங்கடா. போறப்ப அழுவுறாங்க, திரும்புறப்ப ஆடுறாங்க" என்பாய். நன்னிலம் பக்கம் ஒரு சாவில் நீ ஊதியதற்கு, நடவை விட்டுக் கரையேறி வந்த பெண்கள் மாரடித்து அழுதார்கள்.

நம் தெருப் பிணம் பெரிய தெரு முக்குக்கு வந்தால் பேண்டு நிற்க வேண்டும். வாய்க்கால் பாலம் தாண்டித்தான் மறுபடி ஊதலாம். எந்த நாய் போட்ட சட்டமோ. என் பெரியம்மா செத்த அன்று நீ சொன்னாய்: "இன்னிக்கு நிறுத்தக் கூடாது. பதினாலு பேரும் வாசிச்சா யாரைன்னு அடிப்பான்? நீ டிரம்ம மட்டும் விட்டுடாத."

பெரிய டிரம் என்னுடையது. அது நின்றால் செட்டே நிற்கும், நம் பழக்கம் அது. "சரிடா" என்றேன்.

முக்கில் பத்துப் பேர் கட்டையோடு நின்றார்கள். என் கை நின்றது. பின்னால் பன்னிரண்டு பேரும் வாயை எடுத்தார்கள். டிரம் நின்றது உனக்குக் கேட்டிருக்கும். நீ ஊதிக்கொண்டே நடந்தாய், தன்னந்தனியாக.

முதல் அடி ட்ரம்பெட்டின்மேல் விழுந்தது. அது உன் வாய்க்குள் இறங்கியது. முன்பல் நான்கும் தார் ரோட்டில் கிடந்தன. "ஊதுற வாய மிதிங்கடா" என்று ஒருவன் கத்தினான். மிதித்தார்கள். உன் உதடு கிழிந்து தாடையில் தொங்கியதை டிரம்முக்குப் பின்னால் குனிந்தபடி பார்த்தேன். கோழைப் பயல் நான்.

தைத்த உதட்டில் காற்று நிற்கவில்லை. அதன்பிறகு நீ ஊதவே இல்லை, குடித்தாய். ஏன்டா நிறுத்தினாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கேட்ட சனத்திடமெல்லாம் அந்தப் பொக்கை வாயால், "அவன் என்ன பண்ணுவான், டிரம் வார் அறுந்துபோச்சு" என்றாய்.

போன தையில் சாராயம் உன் ஈரலைத் தின்று முடித்தது. உன் பாடைக்கு முன்னால் நானே நடந்தேன். முக்கில் அதே ஆட்கள். என் இடது கையில் கட்டை விழுந்து இரண்டு விரல் ஒடிந்தது. வலது கையால் டிரம்மை அடித்தேன். பன்னிரண்டு பேரும் பாலம் வரைக்கும் ஊதினார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, நீ சொன்ன மாதிரியே, வேகமான பாட்டை அதே தெருவில் வாசித்துக்கொண்டு வந்தோம்.

அந்த இரண்டு விரலும் இப்போது மடங்குவதில்லை. டிரம்மைத் தோளில் மாட்டும்போதெல்லாம் வாரைத் தடவிப் பார்க்கிறேன். பெரியம்மா சாவுக்கு மாட்டிய அதே வார்தான். அது இன்றுவரை அறுந்ததில்லை.