அக்காவின் இருக்கைக்குக் கீழே ஒரு பூட்டு

அத்தான்,

அக்காவின் மூன்றுசில்லு மின்சார ஸ்கூட்டரின் இருக்கையைக் கழற்றிப் பற்றரியை வெளியே எடுத்தபோது, அதைச் சுற்றியிருந்த நீல உறையின் மேல் உங்கள் கோணல் எழுத்து எனக்கென்றே கிடந்தது: "மச்சாள், கை வைக்க வேண்டாம்." போன மாரியில் நெஞ்சுநோவென்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. உங்கள் கட்டளை மட்டும் இன்னும் குறையவில்லை.

கை வைக்காமல் என்ன செய்வது? உவர்மலை ஏற்றத்தின் நடுவில் அந்த வாரம் மூன்று தரம் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. சூம்பிய காலோடும் ஊன்றுகோலோடும் அக்கா வெயிலில் என்ன செய்வா? மூன்றாம் நாள் கந்தோரிலிருந்து வந்து, முகத்தைக்கூடக் கழுவாமல் சொன்னா: "முன்பின் தெரியாத ரெண்டு பேர் என்னைச் சாமான் மாதிரித் தள்ளிக்கொண்டு போனவங்கள். இனி ஒருக்கா நிண்டால் நான் வேலையை விட்டிடுவன்." அக்கா சும்மா சொல்லுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

பற்றரிக்குள் நகக்கண் அளவில் ஒரு சிப் காவல் இருக்கிறது. மின்னோட்டம் கூடினாலோ சூடு ஏறினாலோ இணைப்பைத் துண்டித்துவிடும். ஏற்றத்தில்தானே நிற்கிறது, அப்படியென்றால் மின்னோட்டம்தான் எல்லை தாண்டுகிறது, அந்த எல்லையைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் சரி என்று லப்டொப்பைக் கொழுவினேன். அரைமணி நேர வேலை என்று அக்காவுக்கு வாக்கும் கொடுத்தேன்.

அரைமணி மூன்று நாளானது. புது எண்ணை எழுதினால் சரி என்கிறது. திருப்பி வாசித்தால் பழைய எண் பல்லை இளிக்கிறது. வயரை மாற்றினேன். வேகத்தைக் குறைத்தேன். நான் எழுதிய நிரலையே அழித்து முதலிலிருந்து எழுதினேன். விசர் பிடித்துவிட்டது. இரண்டாம் நாள் பின்னேரம்தான், இவ்வளவு நேரமும் கண்முன்னால் கிடந்த ஒரு குறி புத்தியில் பட்டது. சிப் பூட்டியிருந்தது. வாசிக்க விடும், எழுத விடாது.

பூட்டியது நீங்கள். உங்களைத் தவிர வேறு யார்? வள்ளத்து எஞ்சின் திருத்துகிற உங்களுக்கு இரண்டு விரலால் தட்டச்சுப் பழக்கியது நான். சிப்பைப் பூட்டுகிற விதத்தைக் காட்டியதும் நான்தான். "பூட்டினால் ஆரும் திறக்கேலாதோ?" என்று இரண்டு தரம் கேட்டீர்கள். திறப்பு, அதாவது கடவுச்சொல், தெரிந்தவர் திறக்கலாம் என்றேன். ஓம் ஓம் என்று தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டீர்கள்.

அது இதற்கு முந்தின பற்றரி பொங்கியதற்குப் பிறகு நடந்த கதை. ஸ்கூட்டர் இழுக்கவில்லை என்று அக்கா முறையிட்டபோது, உங்களைக் கேட்காமல் எல்லையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியவள் நான். ஒரு மாதம் ஸ்கூட்டர் பறந்தது. பிறகு ஒருநாள் இருக்கைக்குக் கீழே அது வீங்கிக் கிடந்தது. சாக்கால் சுற்றி, முற்றத்து மணலில் கொண்டுபோய் வைத்தீர்கள். பிறகு இந்தப் பற்றரியை உங்கள் கையாலேயே கட்டினீர்கள். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசி ஆறியிருப்பேன்.

மூன்றாம் நாள் முழுக்கத் திறப்பைத் தேடினேன். கலியாண நாள், அக்காவின் பிறந்த நாள், உங்கள் வள்ளத்தின் இலக்கம் என்று எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஒத்துவரவில்லை. வாயில் வந்தபடியெல்லாம் உங்களைத் திட்டினேன். குசினி வாசலில் கதிரையைப் போட்டிருந்த அக்கா கேட்டுக்கொண்டே இருந்தா. கடைசியில் சொன்னா: "மூண்டு நாளா நீதான் அதுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். அது ஏன் நிண்டதெண்டு கேட்டனியோ?"

கேட்கவில்லை, அத்தான். வாசிக்க விடுகிற சிப்பிடம் அந்த ஒன்றை மட்டும் நான் வாசிக்கவில்லை. அப்போதுதான் வாசித்தேன். நின்றதற்குக் காரணம் மின்னோட்டம் இல்லை, சூடு.

உறையைக் கிழித்தேன். தடித்த சிவப்பு வயர் வந்து சேரும் இடம் உப்புக்காற்றில் பச்சை பிடித்துத் தளர்ந்திருந்தது. பக்கத்துப் பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருந்தது. சூட்டைப் பார்க்கிற உணரியை அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தீர்கள். பூட்டு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், மின்னோட்டத்தை உயர்த்தியும் நிற்கிறதென்று கண்டு அடுத்ததாகச் சூட்டின் எல்லையையும் உயர்த்தியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

அக்காவிடம் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னா: "அண்டைக்கு மணலில வைச்சிட்டு வந்து அவர் என்னட்டைச் சொன்னவர். தீப்பிடிச்சால் உன்னால இறங்கி ஓட ஏலாது, மச்சாள் கோவிச்சாலும் பரவாயில்லையெண்டு."

அந்த இணைப்பை வெட்டிப் புதிதாக ஈயம் பிடித்தேன். எண் ஒன்றையும் தொடவில்லை. அடுத்த நாள் காலை அக்கா நிற்காமல் உவர்மலை ஏறி, மேலே போய் எனக்குப் போன் எடுத்தா. உங்கள் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை. என்னிடம் நேரே சொல்லியிருக்கலாம். சொன்னால் சண்டை பிடித்திருப்பேன்தான், ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

பழைய செல்கள் இன்னொரு மாரி தாங்காது என்பதால் நேற்றுப் புதுப் பற்றரி ஒன்று கட்டி முடித்தேன். எல்லைகளை எழுதி, திருப்பி வாசித்து, சரி பார்த்தேன். பிறகு லப்டொப்பை அக்காவின் மடியில் வைத்து, "அக்கா, புதுத் திறப்பை நீங்களே அடிச்சுப் பூட்டுங்கோ, எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றேன். அவ அடித்து முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.