மெயில் எனக்கு மட்டும் வரவில்லை

இன்று காலை உனக்குப் போன மெயில் திரும்பி வந்தது. அப்படி ஒரு முகவரியே இல்லை என்று இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. ஆபீசில் புது சர்வருக்கு மாறுகிறோம். புரோகிராமில் யார் எதை மாற்றினாலும் எல்லோருக்கும் மெயில் போகிறதா என்று சோதித்துப் பார்க்கிற வேலையை ஓனர் என் தலையில் கட்டியிருந்தார். பழைய பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டதில் நீயும் கூடவே வந்துவிட்டாய். உன் நாற்காலியில் இப்போது உட்காருகிற சம்பத், "எடுத்துடட்டுங்களா மேடம்?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "நானே எடுத்துடறேன்" என்று சொல்லி உன் வரியை அழித்தேன்.

மற்றவர்கள் உன் படத்தைப் போட்டு ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். பூ, விளக்கு, கண்ணீர். நான் வைத்ததே இல்லை. எனக்கு உன்மேல் இருப்பது கோபம். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன். உன் பெயரை இதில் எழுதப்போவதில்லை. என் பெயரை நீ எழுதியதே போதும்.

இந்த மெயில் ஏற்பாட்டைச் செய்தவளே நீதான். விழுப்புரத்தில் ஒன்றாகப் படித்து முடித்து, திண்டிவனத்தில் உரக்கடை மாடியில் இருக்கிற இந்த ஆபீசில் ஒன்றாகவே சேர்ந்தோம். மண்டிகளுக்கும் ரைஸ் மில்களுக்கும் எடை போட்டு பில் அடிக்கிற புரோகிராம் எழுதுவது வேலை. ஒருத்தர் மாற்றுவது இன்னொருத்தருக்குத் தெரியாமல் தினமும் ஏதாவது உடையும். "தெனம் ஒவ்வொருத்தருக்கா சொல்லிக்கினு இருக்க முடியுமாடி? மெஷினே சொல்லட்டும்" என்று உட்கார்ந்துவிட்டாய். யார் மாற்றினார், எந்த வரியை மாற்றினார் என்று எல்லோருக்கும் மெயில் போகும். மாற்றியவருக்கு மட்டும் போகாது. தான் செய்ததைத் தனக்கே எதற்குச் சொல்ல வேண்டும் என்று நீ வைத்த வழி அது.

அதனால் சோதித்துப் பார்க்க உனக்கு இன்னொருத்தி பெயர் தேவைப்பட்டது. உன் கம்ப்யூட்டரில், மாற்றுகிறவர் பெயர் கேட்கிற இடத்தில் என் பெயரைத் தட்டினாய். நிஜமாகவே நீ அவள்தானா என்று அந்தச் சனியன் கேட்பதில்லை. தட்டினதை நம்பிவிடும். அப்போது பட்டியலில் நாம் இரண்டு பேர் மட்டும்தான். ஒரு காலிக் கோப்பில் ஒரு புள்ளி வைப்பாய். மெயிலோடு போகிற குறிப்பில், "இந்த ஆபீசிலேயே அறிவாளி என் பக்கத்து சீட்டுக்காரிதான்" என்று எழுதுவாய். அடுத்த நிமிடம் உன் போன் அடிக்கும். "பாருடி, நீயே ஒத்துக்கினு இருக்க!" என்று என் மூக்குக்கு நேரே நீட்டுவாய். நானும் சிரித்தேன், இல்லையென்று சொல்லவில்லை. "எம் பேர வச்சி வெளையாடாதடி" என்றும் சொன்னேன். "பேர்தானடி. டெஸ்ட்டு முடிஞ்சா மாத்திடப் போறேன்" என்றாய்.

மாற்றினாயா?

பிறகு ஓனர், மற்ற ஆட்கள், வேர்க்கடலை மண்டிக்காரர் வரை எல்லோரையும் பட்டியலில் சேர்த்தாய். மண்டிக்காரர் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினார், எங்க கணக்குல யார் கை வச்சாலும் எங்களுக்குத் தெரியணும் என்று. அந்த சீசனில்தான் சாக்குக் கழிவை நீ மாற்றி எழுதினாய். மூட்டையோடு எடை போட்டு, காலிச் சாக்கின் எடையைக் கழிப்பது வழக்கம். நீ எழுதிய எழுத்தில் அது இரண்டு தரம் கழிந்தது. பெயர் இடத்தில் என் பெயர் அப்படியே கிடந்தது. எல்லோருக்கும் மெயில் போயிற்று. எனக்கு வரவில்லை. மாற்றியவள் நானாயிற்றே!

என் அப்பாவை உனக்குத் தெரியாதா? கிளியனூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா அப்போதுதான் பிடுங்கிக்கொண்டு வந்த மல்லாட்டையை வேகவைத்து வைத்தால், பேச்சைக்கூட நிறுத்திவிட்டு மடி நிறையக் கடலைத் தொலி சேரும்வரை தின்பாயே. போகும்போது அவரே ஒரு பை நிறையக் கட்டிக் கொடுப்பார், "விழுப்புரத்துல இந்த ருசி கெடைக்காதும்மா" என்று. அந்த மனுஷன் அன்று மண்டியில் மூட்டையோடு நின்றிருந்தார். எடை குறைகிறது என்று சண்டை வந்ததும் மண்டிக்காரர் போனை எடுத்து எல்லோர் முன்னாலும் என் பெயரை வாசித்திருக்கிறார். "உம் பொண்ணுதான்யா கழிச்சிருக்குது" என்று அப்பாவைப் பார்த்தே சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் ஓனர் வந்து என் முகத்துக்கு நேரே போனை நீட்டினார். "இது யாரும்மா?"

பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. உன் பக்கம் திரும்பினேன். நீ ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"நான் பண்ணல சார்."

"பேர் போட்டிருக்குதேம்மா!"

நீயே வாயைத் திறப்பாய் என்று காத்திருந்தேன். கை நீட்டினால் தொடுகிற தூரம். ஓனர் கத்திக்கொண்டே இருந்தார், விவசாயி வயித்துல அடிச்சிட்டியேம்மா என்று. நீ எதையோ தட்டிக்கொண்டே இருந்தாய். என்ன தட்டினாய் அன்றைக்கு? இன்றுவரை அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறந்துபோவது யாருக்கும் நடக்கும். அதை நான் மன்னித்திருப்பேன். ஆனால் அந்த மெயில் உனக்கு வந்ததே! நீ செய்த மாற்றத்துக்கு உனக்கு மெயில் வரக் கூடாது. வந்தது என்றாலே வேறு பெயரில் போய்விட்டது என்று அர்த்தம். அது தெரிந்த ஒரே ஆள் நீதான். சாயங்காலம் ஸ்டேஷன்வரை உன் கூடவே நடந்து வந்து, பிளாட்பாரத்தில் நிறுத்தி இதைத்தான் கேட்டேன்.

"அப்பவே பாத்தேன்டி" என்றாய். "மத்தியானமா மாத்திக்கலாம்னு உட்டுட்டேன். இப்படி ஆவும்னு தெரியாது."

"ஓனர்கிட்ட சொல்லு."

"சொல்றேன். பாண்டிச்சேரி ஆபீசுக்கு என்ன ஹெட்டா போடறேன்னு சொல்லிக்கினு இருக்காரு. லெட்டர் கைக்கு வந்துடட்டும். ஒரே ஒரு வாரம் பொறுத்துக்கடி. அப்பறம் நானே எல்லாருக்கும் மெயில் போட்டு சொல்லிடறேன்."

"எங்கப்பா அந்தக் கூட்டத்துல நின்னுகினு இருந்தாருடி."

"ஒரே வாரம்டி, ப்ளீஸ்."

விழுப்புரம் வண்டி வந்தது. ஏறிவிட்டாய். நான் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "ஊரான் மூட்டையில கை வச்சிட்டியாமேம்மா?" என்று கேட்டார். நான் இல்லப்பா என்றேன். சரிம்மா என்றார். நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. கழிந்த எடையை மறுநாளே மண்டியில் சரிக்கட்டிவிட்டார்கள். என் பெயரைச் சரிக்கட்ட யாரும் வரவில்லை. அதன்பிறகு அப்பா திண்டிவனம் மண்டிக்குப் போவதையே விட்டுவிட்டார். வண்டிக்கு வாடகை கொடுத்து விழுப்புரம்வரை மூட்டையைக் கொண்டுபோகிறார்.

நீ கேட்ட அந்த வாரமும் முடியவில்லை. காய்ச்சல் என்றார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார்கள், ரத்தத்தில் அணு குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். பிறகு உன் வீட்டு வாசலில் பந்தல். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "எப்பப் பாரு உன்னப் பத்தியேதாம்மா பேசிக்கினு இருப்பா" என்று அழுதார். தங்கமான பொண்ணு, தங்கமான பொண்ணு என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் அழுதேன். பாதி துக்கம், பாதி ஆத்திரம். சொல்லாமல் போயிட்டியேடி பாவி என்று உன் தலைமாட்டில் நின்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்த முடியுமா?

கொஞ்ச நாள் கழித்து ஓனரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கணக்கு வழக்குத் தெரிந்தவரே தவிர புரோகிராம் தெரிந்தவர் இல்லை. ஒருத்தர் பெயரில் இன்னொருத்தர் மாற்ற முடியும் என்பதையே அவர் நம்பவில்லை. "செத்தவங்க மேல பழி போடாதம்மா. நல்லா இருக்காது" என்றார். செய்து காட்டியிருக்கலாமே என்று நீ கேட்பாய். தொட விட்டால்தானே! பில் புரோகிராம் பக்கமே என் கை படக் கூடாது என்று எப்போதோ சொல்லிவிட்டார். இந்தப் புது சர்வர் வேலை வந்தபிறகுதான் தொட விட்டார். அதுவரை கவனமில்லாதவள் என்றுதான் பெயர். அன்றிலிருந்து செத்துப்போன தோழியைக் காட்டிக்கொடுக்கிறவள் என்ற பெயரும் சேர்ந்தது. நீயோ சுவரில் மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தாய்.

இன்றைய கதைக்கு வருகிறேன். சோதித்துப் பார்க்க எனக்கும் இன்னொருத்தர் பெயர் வேண்டும். என் பெயரில் போட்டால் எனக்கு வருகிறதா என்று எப்படித் தெரியும்? சம்பத் வெள்ளந்தியாக, "அந்த மேடம் பேர்லயே போட்டுடுங்களேன், யாருக்கும் பேஜாரு இல்ல" என்றார். உன் பெயரைத் தட்டினேன். குறிப்பில், "சாக்கு எடையை இரண்டு தரம் கழித்தது நான்தான்" என்று எழுதினேன். ஒரு விரல் அழுத்தினால் ஓனருக்கும் மண்டிக்கும் போய் விழும். அத்தனையும் உண்மை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கேட்காமல் ஒருத்தி பெயரில் எழுதுவது உன் வேலை. சீ என்று அழித்தேன்.

அந்த நேரம் பார்த்து ஓனர் வந்தார். "மெயிலு வருதாம்மா?"

"இன்னொருத்தர் பேர் வேணும் சார். உங்க பேர்ல போட்டுப் பாக்கட்டுங்களா? மாத்துனவருக்கு வராது, மத்தவங்க எல்லாருக்கும் வரும்."

"போட்டுக்கம்மா, அதனால இன்னா?"

கேட்டுத்தான் போட்டேன். காலிக் கோப்பில் ஒரு புள்ளி. குறிப்பில், "சாக்கு எடையை இன்னொரு தரம் கழித்திருக்கிறேன்." வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன்.

சம்பத்தின் போன் அடித்தது. என் போன் அடித்தது. மற்றவர்களுடையதும் அடித்தது. ஓனர் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. "ஆமாம்மா, எனக்கு வரல" என்று சந்தோஷமாகச் சொல்லி வாய் மூடவில்லை, அந்த போனே மணி அடித்தது. மண்டிக்காரர். அவர் போட்ட கத்தல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இன்னா சார், மறுபடியும் சாக்கா? இந்தத் தரம் நீங்களே கை வச்சிட்டீங்களா?"

"யோவ், நான் ஒன்னும் பண்ணலய்யா!"

"பேர் போட்டிருக்குதே சார்!"

ஓனர் போனைக் காதிலிருந்து எடுத்தார். என்னைப் பார்த்தார். ஸ்கிரீனில் இருந்த தன் பெயரைப் பார்த்தார்.

"நானும் இதத்தான் சார் அன்னிக்கி சொன்னேன்" என்றேன்.

சம்பத் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். ஓனர் உட்கார்ந்தார். "அப்ப யாரும்மா அது?" என்று கேட்டார். ஆபீஸ் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. உன் பெயரைச் சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை. செத்தவங்க மேல என்று அவர் இந்தத் தரம் ஆரம்பிக்கவில்லை. போனை மறுபடி காதில் வைத்து, "அந்தப் பொண்ணு பண்ணலய்யா. நம்ம மேலதான் தப்பு. நேர்ல வந்து சொல்றேன்" என்றார். மத்தியானத்துக்குள் அந்த ஓட்டையை நான் அடைத்துவிட்டேன். உள்ளே நுழைந்தவர் ஒருவராகவும் பெயர் வேறாகவும் இருந்தால் இனிமேல் சர்வர் அந்த மாற்றத்தை வாங்காது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். "அடுத்த மல்லாட்டைய திண்டிவனத்துலயே போட்டுடலாம்மா" என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது. இனி உன்மேல் கோபம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. நீ இருந்திருந்தால் இன்று உன்னைக் கண்டபடி திட்டியிருப்பேன். நீயும் விட்டுக்கொடுக்காமல் பதிலுக்குத் திட்டியிருப்பாய். மாதக்கணக்கில் உன் முகத்தில் முழித்திருக்க மாட்டேன். பாண்டிச்சேரியிலிருந்து நீ போன் மேல் போன் அடிப்பாய், எடுத்திருக்க மாட்டேன். பிறகு ஏதோ ஒரு நாள் தாங்க முடியாமல் எடுத்து, "இன்னாடி?" என்று கேட்டிருப்பேன். அதோடு முடிந்திருக்கும். எனக்குத் தெரியும், நான் அவ்வளவுதான். அதற்குக்கூட இருக்காமல் போய்விட்டாய். திட்டவும் ஆள் இல்லை, சமாதானமாகவும் ஆள் இல்லை. இந்தக் கோபத்தை நான் ஒருத்தி மட்டும் வைத்துக்கொண்டு என்னடி செய்வேன்?