எத்தனை மாசம்?

செவ்வாய், இரவு.

கலைக்கு உடம்பில் குறைக்க ஒன்றுமில்லை. உயரத்துக்கு ஏற்ற எடைதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் பெங்களூர் துணிக்கடையில் அவளுடைய மேனேஜர், கவுன்டரில் நிற்கிற பெண் இன்னும் ஸ்லிம்மாக இருக்க வேண்டும் என்றாராம். அன்றிலிருந்து என் தங்கைக்குக் காலையில் வெந்நீர், ராத்திரி வெள்ளரிக்காய். அந்த ஆளுடைய தொப்பை அவருக்கு முன்னால் கடைக்குள் நுழையும். அதை யார் கேட்பது?

இன்று காலை வேலைக்குப் போக, ஊரிகம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறினோம். உட்கார இடமில்லை. பங்காருப்பேட்டை தாண்டியதும் கலை என் தோளில் சரிந்தாள். உடனே சீட் கிடைத்தது. தண்ணீர் கொடுத்த ஒரு அம்மா சிரித்துக்கொண்டே, "எத்தனை மாசம்மா?" என்றார்.

"அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆவல! பட்டினி கெடக்கிறா!" என்று கத்தினேன். பெட்டியில் எல்லோருக்கும் முதல் பாதிதான் காதில் விழுந்தது.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் செய்தி எங்கள் லைன் வீடுகளுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு சரோஜாக்கா வாசலிலேயே என்னை மடக்கினாள்.

"இன்னாடி, தங்கச்சி மயக்கம் போட்டாளாமே? யாராம் அவன்?"

"வெள்ளரிக்காய்க்கா" என்றேன்.

அம்மா அழுதுகொண்டே சோறு போட்டாள். கலை தட்டைத் தள்ளினாள்.

"இன்னும் இன்னாத்துக்குடி பட்டினி?" என்றேன்.

"இப்ப சாப்ட்டு வயிறு கொஞ்சம் தெரிஞ்சாகூட, பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்னு பேசுவாங்கக்கா."

அவள் சோறு அடுப்படியில் மூடிக் கிடக்கிறது. லைனில் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார்கள்.