சத்தம் போடாத ஈ

மார்ச் 4

என்னங்க,

நலம்தானே? நான் அக்கா வீட்டில் நலம். போன் செய்தால் அத்தை எடுத்து, "அவன் இல்லை" என்று வைத்துவிடுகிறார். அதனால் உங்கள் வேலை இடத்துக்கே எழுதுகிறேன். மேஸ்திரியிடம் சொல்லி வையுங்கள், காதல் கடிதம் என்று பிரித்துவிடப் போகிறார்.

நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டதாகத் தெருவில் பேச்சாம். கோபம் இல்லாமல் இல்லை. தனித் தட்டு, தனி டம்ளர், பின்னறையில் படுக்கை. "தொழுநோய்க்காரியை வச்சுக் குடும்பம் நடத்தப் போறியா?" என்று அத்தை கேட்டபோது, நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினீர்கள். ஆனாலும் நான் வந்தது வைத்தியத்துக்கு.

இது தொழுநோய் இல்லை. டாக்டரம்மா என் முகத்துத் தேமல்மேல் ஊசி முனையால் தொட்டு, "தெரியுதா?" என்றார். "நல்லாவே தெரியுது, எடுங்கம்மா!" என்றேன். சிரித்துவிட்டார். தொழுநோய்த் தேமலாக இருந்தால் உறைக்காதாம். கல்யாணமான புதிதில் விடாத காய்ச்சலோடு, மண்ணீரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தேனே, அந்தக் கருங்காய்ச்சலின் மிச்சமாம். காய்ச்சல் போயும் கிருமி தோலில் தங்கிவிட்டது. லீஷ்மேனியா என்று வாயில் நுழையாத பெயர்.

தொட்டால் ஒட்டாது, தட்டாலும் ஒட்டாது. மணல் ஈ என்று ஒன்று இருக்கிறது. கொசுவைவிடப் பொடியது, சத்தமே போடாது. அது என்னைக் கடித்து, சில நாள் கழித்து இன்னொருவரைக் கடித்தால் அவருக்குப் போகும். பகலில் சுவர் விரிசலிலும் மாட்டுக்கொட்டகையிலும் பதுங்கியிருக்குமாம். எனக்கு நம் பின்னறைதான் ஞாபகம் வந்தது. கொட்டகையை ஒட்டிய சுவரில் விரல் நுழையும் விரிசல். அதுவும் ஒரு கொத்தனார் வீட்டில்!

மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். மூன்று மாதம் போட வேண்டும். அதுவரையும், அதற்குப் பிறகு சில மாதங்களும் நான் உண்டாகக் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அத்தையிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சுவருக்கு ஈ மருந்தடிக்க ஆள் வந்தால் இந்தத் தடவையாவது உள்ளே விடுங்கள்.

உங்கள்
வாயாடி

---

மார்ச் 15

வாயாடிக்கு,

கடிதம் வந்தது. மேஸ்திரி பிரிக்கவில்லை, முகர்ந்து மட்டும் பார்த்தார்.

நீ சொல்வது எனக்குப் பாதிதான் புரிகிறது. கண்ணுக்குத் தெரியாத ஈ கடித்து முகம் வெளுக்குமா? உனக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வாந்தி வர வைக்கும் மாத்திரையை ஏன் விழுங்க வேண்டும்? அம்மா இல்லாத நேரத்தில் உன் அக்கா போனில் சொன்னாள், சாப்பிட்டது எதுவும் தங்குவதில்லையாமே.

பிள்ளை விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். ஒரே ரகளை. எனக்கு வேறு பெண் பார்க்கப் போகிறாளாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. மருந்தடிக்க வந்தவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டாள். போன மாதம்தான் வெள்ளையடித்த சுவராம், கறையாகிவிடுமாம்.

அண்ணன் மகள் பொடிசு உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளுக்குக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஆள் இளைத்து வயிறு மட்டும் உப்பியிருக்கிறது. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்திருக்கிறார்கள். சீக்கிரம் வந்து சேர்.

இப்படிக்கு
உன் வீட்டுக்காரன்

---

மார்ச் 18

என்னங்க,

நலம் விசாரிக்க நேரமில்லை. பொடிசை உடனே இங்கே தூக்கிக்கொண்டு வாருங்கள். பூச்சி மருந்தை நிறுத்துங்கள். அது வெறும் வயிற்று உப்பசமாகத் தெரியவில்லை. எனக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வைத்தியம் பார்க்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டரம்மா சொல்கிறார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் உடனே தெரிந்துவிடும்.

அத்தை தடுத்தால் தடுக்கட்டும். அண்ணன் தயங்கினால் நீங்கள் தூக்குங்கள். எனக்குப் பதிலாக வேறு பெண் பார்த்து மாலை போடுவதானாலும் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளையைக் காட்டிய பிறகு.

மூன்று வருஷமாக அவள் என் பக்கத்தில்தான் படுத்தாள். அது உங்களுக்கும் தெரியும்.

வாயாடி

---

ஏப்ரல் 9

அன்புள்ள வாயாடி,

பொடிசைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நீ பொடிசின் கையைப் பிடித்துக்கொண்டு, டிரிப்ஸ் ஏறி முடியும்வரை கதை சொல்லிக்கொண்டே இருந்தாய். உன் முகத்தைத் தடவி, "சித்தி, உனக்கும் ஊசி போட்டாங்களா?" என்று அவள் கேட்டபோது நான் வெளியே போய்விட்டேன். பீடி பிடிக்கப் போனேன் என்று நினைத்திருப்பாய். இல்லை.

காய்ச்சல் அடியோடு விட்டுவிட்டது. பசி பசி என்கிறாள். வயிறும் வற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அவ கொடுத்த நோய்தானே?" என்று ஆரம்பித்தாள். நான் சொன்னேன்: "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரெண்டு பேருக்கும் ஒரே நோய்தான். பொடிசுக்கும் தனித் தட்டு வைக்கப் போறியாம்மா?"

அம்மா பொடிசை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதாள். மருந்தடிப்பவர்கள் மறுபடி வந்தபோது சுவரோரம் இருந்த மூட்டைகளை அவளே இழுத்துப் போட்டாள். அதற்கு முன்பே நான் விரிசலை எல்லாம் பூசிவிட்டேன். மருந்துக்குப் பிறகு பூசினால் பலன் போய்விடும் என்று நீ சொல்லி அனுப்பியிருந்தாயே. மாடு இப்போது வேலிப் பக்கம்.

வீட்டுக்கு வந்துவிடு. அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒன்றே ஒன்று: முகம் தெளியும்வரை வெளியே தலை காட்ட வேண்டாம். தெருவில் கேட்டால், அக்காவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளப் போயிருந்தேன் என்று சொல்லிக்கொள்.

உன்
வீட்டுக்காரன்

---

மே 27

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து வயிறு குளிர்ந்தது. அத்தையிடம் அப்படிக் கேட்டீர்களா! அந்த இடத்தை மட்டும் அக்காவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

கடைசி வரிகளை அக்காவிடம் காட்டவில்லை.

பொடிசைக் கடித்த ஈ என்னைக் கடித்துவிட்டுத்தான் போனதா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "யாராலும் சொல்ல முடியாதும்மா. உங்க பக்கத்துல இதே மாதிரி முகத்தை மூடிக்கிட்டு எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்களோ" என்றார். அன்று ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. மறுநாள் நானே போய், "வீடு வீடாகக் கேட்டுப் பார்க்க ஆள் வேண்டுமா?" என்றேன். இப்போது முகத்தை மூடாமல்தான் போகிறேன். "உடம்புக்கு ஒண்ணுமில்லையே, எதுக்கு மருந்து?" என்று உங்களைப் போலவே கேட்கிறார்கள். நான் கன்னத்தைக் காட்டுகிறேன். போன வாரம் ஒரு அம்மா உள்ளே போய்த் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். என் தேமல்தான், அச்சு அசல். அவளும் மாத்திரை ஆரம்பித்துவிட்டாள்.

இப்படி வாசல் வாசலாக உண்மையைச் சொல்லிவிட்டு, நம் தெருவில் மட்டும் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வீட்டில் ஒளிந்திருக்க வர மாட்டேன்.

அத்தைமேல் பகை இல்லை. நம் தெருவுக்கும் முறை வரும். அன்றைக்கு முன்வாசலில் நின்று, "வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சல் இருக்கிறதா? தேமல் இருக்கிறதா?" என்று அவரிடமும் கேட்பேன்.

மாத்திரை இந்த வாரம் முடிகிறது. தேமல் மறைய இன்னும் மாதக்கணக்காகுமாம். ஆகட்டும். ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஓர் அறை பார்த்திருக்கிறேன். காற்றும் வெளிச்சமும் வருகிறது. பக்கத்திலேயே இரண்டு கட்டடம் எழும்புகிறது, கொத்தனாருக்கு வேலைப் பஞ்சம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை குடிபோகிறேன். எத்தனை பேர் இருப்பீர்கள் என்று அறையின் சொந்தக்காரர் கேட்டார். இரண்டு பேர் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள்
வாயாடி