கழி குத்திக் கண்ட இடம்

அக்டோபர் 8, 1967. ஞாயிறு

பேசின் பிரிட்ஜில் ரயில் மாறிப் பொன்னேரி, அங்கிருந்து பஸ். குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ரங்கசாமி படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் படகின் மூலையில் தூண்டிலோடு நான் உட்கார ஆரம்பித்துப் பல வருஷமாகிறது. இன்று வழக்கமான பக்கம் போகவில்லை. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்கு வடக்கே ஏறினோம். கழியைக் குத்திக் குத்தி, நுனியில் ஒட்டிய சேற்றை முகர்ந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். வலையில் வந்த இறால் ஒவ்வொன்றும் என் விரல் நீளம். போன மழையில் முகத்துவாரம் நகர்ந்த பிறகு அவராகத் தேடிக் கண்ட இடம். கரையில் இரண்டு அடையாளங்கள். ஒன்று மற்றதை மறைத்தால் இடம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

“பேப்பர்ல போட்டுடாதீங்க சார்” என்றார்.

கரையில் அவர் மனைவி அங்காளம்மாள்: “இவரு வாயத் தொறக்க மாட்டாரு. எனக்கு உங்கள நெனச்சாதான் பயம்.”

அடையாளங்களை இங்கேயும் எழுதப்போவதில்லை.

அக்டோபர் 11

திருவள்ளூர் கோர்ட்டில் எல்லா வழக்கும் வாய்தா. செய்தி இல்லை.

அக்டோபர் 22. ஞாயிறு

வலை கட்டும் இடத்துக்குக் குப்பத்தில் பாடு என்று பெயர். எல்லாம் பொது. பொங்கல் கழிந்ததும் கோயில் வாசலில் குடம் வைத்து, வீட்டுக்கு ஒரு மிதவைக் கட்டை போட்டு, எந்த வீட்டுக்கு எந்தப் பாடு என்று எடுப்பார்கள். புதிதாக இடம் கண்டவன் அதையும் அன்று சொல்லிவிட வேண்டும்.

சம்பூர்ணத்தின் கணவர் போன வருஷம் கடலில் போய்விட்டார். அவள் தம்பி நாகமுத்துதான் அந்த வீட்டுக்காக வலை கட்டுகிறான். அவர்களுக்கு விழுந்த பாடு மணல் ஏறித் தூர்ந்துவிட்டது. டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“ரங்கசாமி அண்ணன் எங்க கட்டுறாரு சார்? நாங்க மணல வாரிக்கினு கீறோம். அவரு கூடையத் தூக்க முடியாம தூக்கிக்கினு வராரு.”

“நான் தூண்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்ப்பா.”

“பேப்பர்காரருக்குக் கண்ணு தெரியாதா? பேஜாரு சார் உங்களோட.”

செய்தி சொன்னவர் பெயரை நான் யாரிடமும் சொன்னதில்லை. இதுவும் அதே போலத்தானா? ரயிலில் யோசித்தேன். அப்படி என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நவம்பர் 19

மழை. போகவில்லை.

டிசம்பர் 3. ஞாயிறு

தூர்ந்த பாட்டை நீக்கப் போகிறார்கள். அப்படியானால் வீடுகளைவிடப் பாடு ஒன்று குறையும். ஒரு கட்டை வெளியே போக வேண்டும். எந்தக் கட்டை என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆம்பிளை இல்லாத வீடு. நாகமுத்து கும்மிடிப்பூண்டியில் கட்டட வேலைக்கு ஆள் எடுப்பதை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

படகில் கேட்டேன். “கட்டை வெளியே போனால்?”

“போனதுதான். அப்பறம் அந்த ஊட்டுக்கு ஏரில எடமில்ல.”

“உங்கள் இடத்தைச் சொன்னால் கணக்கு சரியாகிவிடுமே?”

ரங்கசாமி கழியைப் படகில் போட்டார். “மழைலயும் வெயில்லயும் தனியா கழி குத்தினது நானு சார். அப்ப எவனாவது கூட வந்தானா? கோயிலாண்ட குந்திக்கினு சீட்டு ஆடிக்கினு இருந்தானுங்க.”

அதுவும் நியாயம்தான்.

ஜனவரி 21, 1968. ஞாயிறு

கோயில் வாசலில் குடம். “வேற பாடு உண்டா?” என்று பூசாரி சடையப்பன் மூன்று தரம் கேட்பது வழக்கம். இரண்டு தரம் கேட்டார். ரங்கசாமி ஒரு கயிற்று முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தார். பூசாரி குடத்திலிருந்து சம்பூர்ணம் வீட்டுக் கட்டையை எடுத்துத் தரையில் வைத்தார். அவள் வந்து குனிந்து, முந்தானையால் அதன் மண்ணைத் துடைத்து, திரும்ப அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் தரம். பெண்கள் பக்கமிருந்து அங்காளம்மாள் குரல்—

“எங்க ஊட்டுக்காரருக்கு ஒண்ணு தெரியும். கேளுங்க.”

அங்காளம்மாளா! ரங்கசாமி அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குடத்தைப் பார்த்தேன்.

“வடக்கால ஒண்ணு கீது” என்றார் கடைசியில்.

“கூடை எப்பவோ சொல்லிடுச்சிபா, ஆளுதான் சொல்லல” என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

கடைசியில் சொன்ன பாடு வெளியே வைத்த கட்டைக்கு. அதுதான் முறை. நாளை ரங்கசாமி இடத்தைக் காட்ட வேண்டும். வெளியாள் ஒருவர் சாட்சி வேண்டுமாம். “சார் வரட்டும், அவருக்கு இன்னா தெரியும்” என்றார் பூசாரி.

ஜனவரி 22

லீவு சொல்லித் தந்தி அடித்துவிட்டு அங்கேயே தங்கினேன். படகில் மூன்று பேர். கழி நாகமுத்து கையில்.

“இங்கதான்” என்று நிறுத்தச் சொன்னார் ரங்கசாமி.

கரையைப் பார்த்தேன். இரண்டு அடையாளங்களும் தனித்தனியாக நின்றன. நாகமுத்து கழியைக் குத்தினான். “மணலா கீதே அண்ணே?”

“அப்டிதான் இருக்கும்.”

சொல்லிவிடுவதா? சொன்னால் குப்பத்தில் அவர் தலைநிமிர முடியாது. சொல்லாவிட்டால்— நான் கரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னா சார் பார்வை?”

“ஒன்றுமில்லை. அந்த மரம் இன்னும் தெரிகிறதே என்று பார்த்தேன்.”

வெற்றிலையைத் துப்பினார். பிறகு நாகமுத்து கையிலிருந்து கழியை வாங்கிக்கொண்டார்.

“காத்து தள்ளிடுச்சிடா. இன்னும் கொஞ்சம் போணும்.”

காற்றே இல்லை. படகு நகர்ந்தது. மற்ற அடையாளத்துக்குப் பின்னால் மரம் மறைந்தது.

பிப்ரவரி 11. ஞாயிறு

நாகமுத்து கும்மிடிப்பூண்டிப் பேச்சை எடுக்கவில்லை. சம்பூர்ணம் எனக்கு இலையில் கட்டி இறால் கொடுத்தாள். “ரங்கசாமி அண்ணனுக்குக் குடுத்தா வாங்க மாட்டேங்குது சார். அண்ணி வாங்கிக்கிச்சு.”

ரங்கசாமி புதுக் கழி வெட்டியிருக்கிறார், பழையதைவிட நீளம். படகில் கால் வைக்கப் போனேன். கையை நீட்டித் தடுத்தார்.

“இன்னிக்கி நீங்க கரையிலயே குந்துங்க சார்.”

“அங்காளம்மாள்?”

“அவளுக்கும் சொல்லல.”

கரையில் தூண்டில் போட்டேன். படகு தெற்கே போயிற்று. கொஞ்ச தூரம் போகும், நிற்கும், மறுபடி போகும். ஓரிடத்தில் நின்றது, நகரவில்லை. அவர் கரைப் பக்கம் தலையைத் திருப்பி எதையோ தேடுவது தெரிந்தது.

நான் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.