சந்தைக்கு வராத வேலம்மா

இயேசு மரி சூசை

பெருமாள்மலை,
8-12-1985, மாதா திருநாள்.

அன்பு மகள் சகாயராணிக்கு அம்மா ஆசீரோட எழுதுறது. ஒடம்பு எப்படி இருக்கு, ஆஸ்பத்திரி டூட்டி முடிஞ்சு வந்து வேளைக்குச் சாப்பிடுறியா, இல்ல ரொட்டியக் கடிச்சிட்டுப் படுத்துடுறியா. இங்க அப்பா சௌக்கியம். நானும் சௌக்கியம்னு எழுதினா பொய், திருநாளும் அதுவுமா பொய் எழுத வேண்டாம்னு பாக்குறேன். பயந்துடாதே, காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணுமில்ல, மனசுதான் சரியில்ல. ஒரு வாரமா வெயில் மொகமே பாக்கல, துணி காயாமக் கெடக்கு, அப்பா அடுப்படிய விட்டு நகர மாட்டேங்கிறார், நேத்து கொரங்கு வந்து சோப்பத் தூக்கிட்டுப் போனதுக்கு என்னையத்தான் வைதார். கொரங்குக்கு நான்தான் கதவு தொறந்து விட்டேனாம். சரி, அந்தக் கதையை விடு. பள்ளிக்கூடம் எப்படி இருக்குன்னு மூணு கடுதாசியிலயும் கேட்டுட்ட, நானும் மழுப்பிட்டே வந்தேன். இன்னைக்கு எழுதிடுறேன்.

நீ அரபு நாட்டுலருந்து டேப் ரிக்கார்டர் குடுத்துவிட்டப்ப அது வீட்டுல பாட்டுக் கேக்கத்தான். நான்தான் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போனேன், ஹெட்மிஸ்ட்ரஸ் ஆன புதுசு, என்னத்தையாவது மாத்திடணும்னு ஒரு வேகம். பெஞ்சையெல்லாம் வரிசையிலருந்து பிரிச்சு வட்டமாப் போட்டேன். டிக்டேஷனக் கொறைச்சேன். கான்வென்ட் சிஸ்டர்ஸ் கிட்டப் பழைய ஸ்லைடு புரொஜெக்டர் கெஞ்சி வாங்கினேன். டேப்பைப் பிள்ளைகள் கையிலயே குடுத்தேன். ஆளுக்கொரு கேள்வி, தனக்கு நெசமாவே தெரியாத கேள்வியா இருக்கணும், பொட்டிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்த் தெரிஞ்சவங்களைக் கேட்டுப் பதிஞ்சுட்டு வரணும், இதுதான் பாடம். பிள்ளைக கேட்ட கேள்வியப் பாக்கணுமே நீ. ஒருத்தி டிரைவர்கிட்டப் போயி ஏன் மலையேறயில காது அடைக்குதுன்னு கேக்குது, இன்னொன்னு பள்ளங்கிக்குப் போயி பூண்டு ஏன் அழுகுதுன்னு பதிஞ்சுட்டு வருது. வாயே தொறக்காத பிள்ளையெல்லாம் அந்தச் செவப்பு பட்டன அமுக்கினதும் பேசிச்சு. என் சர்வீஸ்ல அப்படி ஒரு சந்தோஷம் நான் பாத்ததில்ல ராணி. செபாஸ்டின் சார் மட்டும், நம்ம கணக்கு வாத்தியார்தான், அம்மா எதையும் சபையில போடுமுன்னே நாம ஒருக்காக் கேட்டுப் பாத்துடலாமேன்னார். நான் சுள்ளுன்னு சொல்லிட்டேன், நாம வடிகட்டினா அப்புறம் அது நம்ம பாடம் சார், பிள்ளைக பாடம் இல்லேன்னு. 

ஆறாவதுல இந்திராணின்னு ஒரு பிள்ளை. சிலோன்லருந்து வந்த குடும்பம். அங்க தேயிலைத் தோட்டத்துல இருந்தவங்களை மரம் வெட்டுற வேலைக்குன்னு காண்டிராக்டர் பொன்னுச்சாமி லாரியில ஏத்திக் கொண்டாந்து காட்டுக்குள்ள வரிசை வீடு, லயம்னு சொல்லுவாங்க, அதுல வச்சிருக்கான். அப்பன் வீரையா, ஆத்தா வேலம்மா. பிள்ளை அம்புட்டுத் தூரம் பனியில நடந்து வரும், ஒரு நாள் தவறாது. அது எழுதிக் காட்டின கேள்வி, எங்கம்மா ஏன் ஞாயித்துக்கெழமை சந்தைக்கு வர்றதே இல்ல. எனக்குச் சிரிப்பு. சோம்பேறித்தனமா இருக்கும், போய்க் கேளுன்னு பொட்டியக் குடுத்தனுப்பினேன்.

நவம்பர் பதினாலு, குழந்தைகள் தினம். பெத்தவங்களையெல்லாம் கூப்பிட்டுப் பிள்ளைகளே மைக்குக்கிட்ட டேப்ப வச்சுப் போட்டுக் காட்டுச்சுக. மொத வரிசையில நம்ம பங்குச் சாமியார் கஸ்பார், பக்கத்துல பொன்னுச்சாமி, பள்ளிக்கூடத்துக் கூரைக்குத் தகரம் குடுத்த மகராசன் இல்லையா, அவனை அங்கதான் உக்கார வைக்கணும். காது அடைக்கிற கேள்விக்கு எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்து இந்திராணி. மொதல்ல அதோட குரல், பெறகு வேலம்மா குரல், அடுப்புல வெறகு வெடிக்கிற சத்தத்தோட. ராணி, வார்த்தைக்கு வார்த்தை எனக்கு இப்பவும் கேக்குது: "ஒராளு வெளிய போனா ஒராளு உள்ள இருக்கணும் பிள்ளை. எல்லாரும் போயிட்டாத் திரும்பி வரமாட்டமுன்னு காண்டிராக்டர் தொரைக்குப் பயம். நீ பள்ளிக்கூடம் போகயில நான் இங்க இருக்கேன். நான் சந்தைக்குப் போனா ஒன்னைய இருக்கச் சொல்லுவாங்க. நீ போ. எனக்கென்ன சந்தையில சோலி."

 அந்தப் பொன்னுச்சாமி இருக்கானே, துண்ட ஒதறிட்டு எந்திரிச்சான், சிரிச்சான், பிள்ளை நல்லாப் பேசுதேன்னான். பரிசு டிபன் பாக்ஸைத் தன் கையாலயே அதுக்கிட்டக் குடுத்தான். அதுவும் ரெண்டு கையையும் நீட்டி வாங்கிட்டு என்னையப் பாத்துச் சிரிச்சுச்சு.

மறுநாளு வரல. சனிக்கெழம வெள்ளனே செபாஸ்டின் சாரைக் கூட்டிக்கிட்டு ஜீப்பு பிடிச்சுப் போனேன். அந்த ஒரு வீடு மட்டும் தொறந்து கெடக்கு, உள்ள பாய் கூட இல்ல. வாச்சர் சொல்றான், அவங்களாப் புறப்பட்டுப் போயிட்டாங்களாம், கேரளாப் பக்கமாம். பக்கத்து வீட்டுப் பொம்பளை பெருமாயி என்னையப் பாத்ததும் கதவச் சாத்திட்டா. அவ பிள்ளையும் நம்ம பள்ளிக்கூடந்தான், அன்னையிலருந்து அதுவும் வரல. லயத்துப் பிள்ளை ஒண்ணு கூட இப்ப வர்றதில்ல ராணி. எந்தப் பிள்ளைகளுக்குன்னு வட்டமா பெஞ்சு போட்டேனோ அதுகதான் இல்ல. கஸ்பார் சாமியார் கெட்டவர் இல்ல, பயந்தவர், இருக்கிற பிள்ளைகளையாவது காப்பாத்துவோம் டீச்சரம்மான்னார். பெஞ்சு பழையபடி வரிசைக்கு வந்தாச்சு. நானே ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கினேன்.

பண்ணைக்காட்டுல கேட்டேன், கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுல கேட்டேன். வாராவாரம் பூசை முடிஞ்சதும் சந்தைக்குப் போறேன், காய் வாங்குற சாக்குல ஒவ்வொரு மொகமாப் பாக்குறேன். சந்தைக்கே வராதவளைச் சந்தையில தேடுறியே, ஒனக்கென்ன புத்தி பெரண்டு போச்சான்னு அப்பா கேக்குறார். கேட்டுட்டுப் பையத் தூக்கிட்டுக் கூடவே வர்றார்.

திண்டுக்கல்லுக்குப் போய், அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிச்சுத் தரணும்னு கலெக்டர் ஆபீசுல மனுக் குடுத்தேன். அங்க ஒரு ஆபீசர் பொறுமையாக் கேட்டார், அந்த டேப்பையும், அன்னைக்குக் கூடக் கேட்டவங்கள்ல ரெண்டு பேரையும் கொண்டாங்கம்மா, வர்ற வெள்ளிக்கெழம விசாரிக்கிறேன்னார். எனக்கு உசுரு வந்துச்சு. வந்ததும் வீடு வீடா ஏறினேன். அன்னைக்கு மண்டபம் நெறைய ஆளு ராணி, நிக்க எடமில்ல. ஒருத்தர் சொல்றார் மைக்கு கரகரன்னு இருந்துச்சுன்னு. ஒருத்தி கைப்பிள்ளை அழுதுச்சாம், காதுல விழலையாம். ஜோசப்பின் டீச்சர், என் கூடவே வேலை பாக்குறவ, நான் அப்ப காப்பி போடப் போயிட்டேனேக்காங்கிறா. என் பக்கத்துல தோளோட தோளா நின்னவ அவ. மண்டபத்துல இருந்த ஒருத்தருக்கும் கேக்கலையாம். செபாஸ்டின் சார் மட்டும் நான் வர்றேம்மான்னார், அவருக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைக இருக்கு, இருந்தும் சொன்னார்.

சரி, டேப்பு இருக்கேன்னு நேத்து பள்ளிக்கூடத்து பீரோவைத் தொறந்து எடுத்துப் போட்டேன். போட்டா கிறிஸ்மஸ் பாட்டு. நான் திண்டுக்கல் போன அன்னைக்கு எட்டாவது பிள்ளைக பாட்டுப் பழகயில பதிஞ்சு கேக்கக் கேசட்டு தேடிருக்குக, கைக்கு இது ஆப்பிட்டிருக்கு. நேத்தும் பழக வந்திருந்துச்சுக, யாரையும் கேக்கலையாடின்னேன். நீங்கதானே டீச்சர் எதுக்கெடுத்தாலும் எங்களைக் கேட்டுக்கிட்டு நிக்காதீக, நீங்களே செய்யுங்கன்னீகன்னு ஒண்ணு சொல்லுது. அடிக்கவா முடியும். ரொம்ப நல்லாப் பாடிருக்கீகன்னு சொல்லி அனுப்பிட்டு, வாசக் கதவச் சாத்திட்டு அழுதேன்.

அந்தப் பாட்டைக் கடைசி வரைக்கும் ஓடவிட்டேன், நிப்பாட்டக் கூடத் தெம்பில்ல. பாட்டு முடிஞ்சு கிர்ருன்னு ஒரு சத்தம். அதுக்குப் பெறகு பழசுல மிச்சம் கொஞ்சம் அழியாமக் கெடந்திருக்கு. வேலம்மா பேசினது ஒரு சொல்லு இல்ல. அது முடிஞ்சப்பறம் இந்திராணி பொட்டிக்குப் பக்கத்துல வந்து சொன்னது மட்டும்: "அவ்வளவுதான் டீச்சர். கேட்டுச்சா?"

வேற ஒண்ணுமில்ல. எத்தன தரம் போட்டுக் கேட்டேன்னு தெரியாது, அப்பா என்னையத் தேடிட்டு அங்கயே வந்து கரண்டு பிளக்கப் பிடுங்கினார்.

நீ இதுக்கெல்லாம் அங்க உக்காந்து அழாதே தாயி, ராத்திரி டூட்டி பாக்குறவ. குளிக்கிற தண்ணி உப்பா இருக்குன்னு எழுதியிருந்த, தலைக்கு எண்ணெய் வைக்காம விடாதே. கிறிஸ்மசுக்குப் பூசைக்குப் போக முடியலைன்னாலும் அன்னைக்கு ஒரு நல்ல சேலையக் கட்டு. மாதா ஒனக்குத் தொணை இருக்கட்டும், ஒன் கை தொட்ட நோயாளியெல்லாம் பொழைக்கட்டும். ரெண்டு கேசட்டு போடுற பெரிய மிஷின் அனுப்பவான்னு கேட்ட, இப்ப வேண்டாம், வாங்கிட்டேன்னா ஒங்கிட்டயே வச்சிரு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க, நீ பாட்டு பதியுற கேசட்டுலயும் இதச் செய். கேசட்டு முதுகுல ரெண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கு, அத ஒடைச்சுட்டா மேல எதுவும் பதியாதாம். செபாஸ்டின் சார் இப்பத்தான் சொல்றார், எனக்கு முன்னமே தெரியாமப் போச்சு. அந்த மூணு சொல்லுக்காகக் காலையில கத்தி வச்சு ரெண்டையும் ஒடைச்சுட்டேன். வெள்ளிக்கெழம அந்தக் கேசட்டையே எடுத்துட்டுப் போறேன். பாட்ட முழுக்க ஓடவிட்டு, கடைசியில அந்தப் பிள்ளை கேட்டுச்சான்னு கேக்குதுல்ல, அதுக்கு நான் எந்திரிச்சு நின்னு பதில் சொல்லணும், கேட்டுச்சு தாயின்னு.

இப்படிக்கு
ஒன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா
சி. கித்தேரியம்மாள்